புல்வெளி பாழ்நிலமன்று
(கீழ்பவானி வாய்க்காலின் கடைமடை ஊரொன்றில், உழவர்க்கும் மாணவர்க்கும் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

  

வாய்க்காலின் கடைமடையில் நின்று மலையுச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். இங்குள்ள வயலுக்கும் அங்குள்ள முகட்டிற்கும் என்ன உறவு என்று உங்களிற் சிலர் எண்ணலாம். உறவு உண்டு. நீலமலையிற் பெய்யும் மழையின் பெரும்பகுதி மோயாற்றின் வழியாகவும் பவானியின் வழியாகவும் இறங்கிப் பவானிசாகர் நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள கீழ்பவானி வாய்க்கால் 2 இலக்கத்து 7 ஆயிரம் ஏக்கர் நிலத்திற்கு நீர் தருகின்றது. நீங்கள் மடை திறந்து பாய்ச்சும் நீர், மாதங்கள் பலவற்றிற்கு முன்னே ஒரு மலைப்புல்லின் தாளில் விழுந்த மழைத்துளியாக இருந்திருக்கலாம்.

அப் புல்லைப் பற்றித்தான் இன்று பேசப் போகின்றேன். பேசுமுன் என் பிழையொன்றை உங்கள்முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் பிழை

1983-ஆம் ஆண்டில் யான் ஒரு பள்ளியில் ஆசிரியனாகப் பணியாற்றிக் கொண்டிருந்தேன். மரம் நடுவதைத் தலையாய அறமாகக் கருதிய காலம் அது. நாற்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு நீலமலைக்குச் சென்றேன். உதகைக்கு அப்பால், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை அலையலையாய்ப் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் கருநிறச் சோலைகள். "இத்துணை நிலம் வீணே கிடக்கின்றதே!" என்று யான் மாணவர்க்குச் சொன்னேன். அவர்கள் கையில் யூக்கலிப்டசுக் கன்றுகள் தரப்பட்டன. மலைவாழ் மக்கள் கற்பூர மரம் என வழங்குவது அதுவே. ஒரு பகலுக்குள் நானூறு கன்றுகளை நட்டோம். மாலையில் கைகொட்டி மகிழ்ந்தோம்.

அப்பொழுது கிழவர் ஒருவர், எருமைகளை ஓட்டிக்கொண்டு அவ்வழியே வந்த தொதவர், எங்களைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பின்னர், "ஐயா, இந்த ஓடை இனிமேல் சித்திரையில் ஓடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். யான் அதனைப் பொருட்படுத்தவில்லை. படித்தவன் யான், அவர் எருமை மேய்ப்பவர். இத்தகைய செருக்கினாலேயே அறிவு கெடுகின்றது என்பதைப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே உணர்ந்தேன்.

கிழவர் சொன்னதை அளவுகோல் கொண்டு அளந்து மெய்ப்பித்த ஆய்வொன்று, யாம் கன்று நட்ட அந்நாளிலேயே, அம்மலையிலேயே நடந்து கொண்டிருந்தது. அதனை யான் அறிந்திலேன். அறியாமைக்குக் கரணியம் என்னவென்பதைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் அம்மலையின் அமைப்பைக் காண்போம்.

கல்லின் கதை

நீலமலையின் உயர்ந்த முகடு தொட்டபெட்டா, 2,637 மீட்டர். அம்மலையின் எலும்பாக அமைந்தது மிகப் பழமையான கருங்கல் வகை. நிலவியலார் அதனைச் 'சார்னோக்கைட்டு' என்பர். இப்பெயரின் வரலாறு சுவையானது. கல்கத்தாவில் ஆங்கிலக் குழுமத்தைச் சார்ந்த சாப் சார்னாக்கு என்பானின் கல்லறை உள்ளது. அக் கல்லறைக்கல்லும் சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதியிலுள்ள பாறையும் ஒரே வகையின என்று கண்ட தாமசு ஆலந்து என்னும் நிலவியலறிஞர், 1893-ஆம் ஆண்டில் அக் கல்வகைக்கு அவ் ஆங்கில வணிகன் பெயரையே சூட்டினார். நம் மண்ணின் கல், நம் மண்ணிலேயே கிடப்பது, நம் முன்னோர் கோயிலுக்கும் குட்டைக்கும் உடைத்த கல், இன்று உலகெங்கும் நிலவியல் நூல்களில் ஒரு வணிகன் கல்லறையின் பெயரால் வழங்குகின்றது. ஆலந்து மீது குறையில்லை; அவர் உற்று நோக்கினார், எழுதி வைத்தார், பெயரிட்டார். உற்று நோக்கி எழுதி வைப்பவனுக்கே பெயரிடும் உரிமை வாய்க்கின்றது. இதனை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்க.

இக்கல், நிலவுலகின் மேலோட்டிற்கு அடியில் மிக ஆழத்தே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாயிற்று. நீலமலைக் கல்லின் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். மலைக்கு வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கும், தெற்கே பவானிப் பள்ளத்தாக்கும் நிலவோட்டின் பழைய முறிவு வரைகளின் வழியே அமைந்தவை. இவற்றிற்கு நடுவே நீலமலை ஒரு மேடைபோல் எழுந்து நிற்கின்றது.

திண்ணிய இக் கல்லினுள் நீர் புகாது. வெடிப்புகளில் மட்டுமே புகும். அப்படியாயின் மழையில்லா மாதங்களில் ஓடைகள் எவ்வாறு ஓடுகின்றன? கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையும் வெயிலும் கல்லின் மேற்பரப்பை அரித்து நெகிழச் செய்து, பல மீட்டர் ஆழத்திற்கு மண்போர்வை ஒன்றை ஆக்கியுள்ளன. இப்போர்வைதான் நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகின்றது. பள்ளமான இடங்களில் சதுப்பு நிலங்கள் அமைந்து, அவையும் நீரைத் தாங்குகின்றன. ஆதலின் மலை என்பது வெறுங் கல்லன்று. கல்லின்மேல் விரித்த நனைந்த கம்பளி எனக் கொள்க. அக் கம்பளியிலிருந்து கசியும் நீரே நம் சித்திரைத் தண்ணீர்.

இதே போர்வை அளவிற்கு மீறி நனையும்பொழுது சரியவும் செய்யும். 2009-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நீலமலையிற் பெய்த பெருமழையில் நிலச்சரிவுகளால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவுகளை வெட்டிக் கட்டடமும் சாலையும் அமைக்குமுன், அடியிலுள்ள மண்ணை ஆராய்ந்தறிய வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

புல்வெளி எப்பொழுது தோன்றிற்று?

இனிப் புல்லிற்கு வருவோம். மலையுச்சிப் பள்ளங்களில் குட்டையான, அடர்ந்த, என்றும் பசுமை மாறாக் காடு, அதுவே சோலை. முகடுகளிலும் சரிவுகளிலும் புல். இரண்டும் அடுத்தடுத்து, கத்தியால் வெட்டியது போன்ற எல்லையோடு நிற்கும். இக்காட்சியைக் கண்ட வெள்ளையர் பலர், "முன்னொரு காலத்தில் மலை முழுதும் காடாக இருந்தது, மலைமக்கள் வெட்டியும் எரித்தும் அழித்துப் புல்லாக்கி விட்டனர்" என்று கருதினர். இக்கருத்தே பிற்காலத்தில், "புல்வெளி பாழ்நிலம், அதில் மரம் நட்டால் தீமையில்லை" என்னும் கொள்கையாய் வளர்ந்தது. யானும் அதனையே மாணவர்க்குச் சொன்னேன்.

இக்கருத்து மெய்யா, பொய்யா? வாய்ச்சொல்லால் முடிவு செய்ய முடியாது. சான்று மலையிலேயே புதைந்து கிடந்தது. சதுப்பு நிலங்களில் இறந்த நிலைத்திணைகள் முழுதும் மட்காமல், அடுக்கடுக்காய்ப் படிந்து முற்றா நிலக்கரியாக மாறிக் கிடக்கின்றன. மேலடுக்கு அண்மைக் காலம், கீழடுக்கு பழங்காலம். ஓர் ஏடு போலப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் ஏட்டின் எழுத்தைப் படிப்பது எப்படி?

கரிமத்தில் எடை மிகுந்த வகையும் குறைந்த வகையும் உண்டு. மரங்களும் வெப்பநாட்டுப் புற்களும் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறு வேறு. மரம் எடை மிகுந்த கரிமத்தைப் பெரிதும் ஒதுக்கிவிடும். இப்புல் அவ்வளவாக ஒதுக்காது. எனவே சதுப்பின் ஓரடுக்கிலுள்ள கரிமத்தை நிறுத்துப் பார்த்தால், அவ்வடுக்கு படிந்த காலத்தில் அங்கு மிகுந்திருந்தது மரமா, புல்லா எனக் கூறிவிடலாம். அடுக்கின் அகவையைக் கதிரியக்கக் கரிமத்தால் அறியலாம்.

இராமன் சுகுமார், இரமேசு முதலிய ஆய்வாளர்கள் நீலமலைச் சதுப்புகளில் இவ்வாறு ஆய்ந்து, 1993-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் வரலாறு அதில் வெளிப்பட்டது. உலகெங்கும் பனியூழி உச்சத்திலிருந்த காலத்தில், நீலமலை வறண்டு, புல்லே ஓங்கியிருந்தது. பின்னர் மழை மிக்க காலத்தில் மரவகை பெருகிற்று. மீண்டும் வறட்சி, மீண்டும் புல். மழைக்கேற்பச் சோலை விரிவதும் சுருங்குவதுமாக இருந்துள்ளது; ஆனால் புல் என்பது மாந்தன் கோடரி ஏந்தி மலையேறுமுன்னரே அங்கே இருந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் இவ் வரலாற்றை 40,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கொண்டு சென்றன.

மலைமக்களின் மேய்ச்சலும் தீயும் புல்வெளியின் பரப்பை ஓரளவு மாற்றியிருக்கலாம். அதனை யாரும் மறுக்கவில்லை. மார்கழி, தைத் திங்கள்களில் மலைப்பள்ளங்களில் விழும் உறைபனியும், சோலைமரக் கன்றுகளைத் திறந்த வெளியில் வளரவிடாமற் கருக்கிவிடுகின்றது. எவ்வாறாயினும், புல்வெளி அழிந்த காட்டின் எச்சம் என்னும் கூற்றுப் பொய்த்தது. அது தன் கால்களில் நிற்கும் தனி நிலம். பாழன்று, பழமை.

ஓடையின் கணக்கு

வெள்ளையர் மலையேறிக் குடியமர்ந்த பின்னர், உதகைக்கும் குன்னூருக்கும் விறகு வேண்டிச் சோலைகள் வெட்டப்பட்டன. விறகுத் தட்டுப்பாடு நேர்ந்தது. அதனை நீக்க, 1840-களில் ஆத்திரேலிய நாட்டு யூக்கலிப்டசு நடப்பட்டது. தோல் பதனிடும் பட்டைக்காக, 'வாட்டில்' எனும் சீகை வகை மரமும் வந்தது. நாடு விடுதலை பெற்ற பின், செயற்கைப் பட்டிழைத் தொழிலகங்களுக்கு மரக்கூழ் வேண்டி, இம் மரங்கள் புல்வெளிகளில் பேரளவாக நடப்பட்டன.

இங்கேதான் கிழவரின் சொல் வருகின்றது. உதகையிலுள்ள நடுவணரசின் மண், நீர்க் காப்பு ஆய்வு நிலையத்தார், கிளென்மார்கன் என்னுமிடத்தில் அருமையான ஆய்வொன்றைத் தொடங்கினர். அதன் முறையை மாணவர்கள் ஊன்றிக் கேட்க; ஏனெனில் அஃது எளிமையும் நேர்மையும் உடையது.

அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 32 எக்டேர். இரண்டிலும் புல்வெளி, இடையிடையே சோலை, அடியிற் சதுப்பு, ஓர் ஓடை. இரு ஓடைகளின் வாயிலும் அளவுத் தடுப்புகள் கட்டி, நாள்தோறும் ஓடும் நீரை அளந்தனர். 1968 முதல் 1971 வரை எதனையும் மாற்றாமல் வெறுமனே அளந்துகொண்டே இருந்தனர். ஒன்றில் இவ்வளவு ஓடினால் மற்றதில் எவ்வளவு ஓடும் என்னும் உறவை முதலில் உறுதி செய்துகொண்டனர். பின்னர் 1972-இல், ஒன்றில் மட்டும், அதன் பரப்பில் 59 விழுக்காட்டில் யூக்கலிப்டசு நட்டனர். மற்றதைத் தொடவில்லை. பின்னர் மீண்டும் அளந்தனர், ஓராண்டா, ஈராண்டா? இருபது ஆண்டுகள்!

முடிவு யாது? முதற் பத்தாண்டுகளில், மரம் நட்ட ஓடையில் ஆண்டு நீர் சராசரி 16 விழுக்காடு குறைந்தது. மரங்களை வெட்டி, அடிமரத்திலிருந்து மீண்டும் தழைக்கவிட்ட இரண்டாம் பத்தாண்டுகளில், குறைவு 25 விழுக்காட்டைத் தாண்டிற்று. இதனினும் கூர்மையானது கோடைக் கணக்கு. நீர் மிகக் குறைந்து ஓடும் நாள்களின் ஓட்டம், முதற் சுற்றிற் பாதியாயிற்று. இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ நான்கிலொரு பங்காயிற்று.

"ஐயா, இந்த ஓடை இனிமேல் சித்திரையில் ஓடாதே!" கிழவர் அளவுத் தடுப்புக் கட்டவில்லை, அவர் தம் எருமைகளுக்குத் தண்ணீர் காட்டியவர். இரண்டும் ஒரே உண்மையையே கண்டன.

கரணியம் கடினமானதன்று. மலைப்புல் ஆழமாக வேர் விடாது. வறண்ட மாதங்களில் காய்ந்து ஓய்ந்து, நீர் குடிப்பதை நிறுத்திவிடும். மண்ணின் ஆழத்திலுள்ள நீர் ஓடைக்கு மிஞ்சும். யூக்கலிப்டசோ ஆழவேர் விடும். ஆண்டு முழுதும் இலையுடன் நின்று, கோடையிலும் நீரை உறிஞ்சி ஆவியாக விடும். விரைந்து வளர்வது அதன் சிறப்பு. விரைந்து வளர்வது விரைந்து குடிக்கவும் வேண்டும் அன்றோ?

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். மரம் நட்டதால் பெருமழை நாளின் வெள்ளமும் சற்றுத் தணிந்தது. இதனையும் அவ்வாய்வே காட்டிற்று. அன்றியும், நம் வாய்க்காலில் நீர் குறைவதற்கெல்லாம் யூக்கலிப்டசுதான் கரணியம் என்று யான் கூறவில்லை. மழைக் குறைவு உண்டு. மேலே நீரெடுப்போர் பெருக்கம் உண்டு. நாமே நீரைப் பாழாக்குவதும் உண்டு. ஒரு மலையில், ஒரு நீர்ப்பிடிப்பில் கண்டதை ஊர்தோறும் பொருத்துவது அறிவியலன்று. ஆயினும் கிளென்மார்கனில் அளந்தது அளந்ததுதான். மலைப்புல்வெளியில் அயல்மரம் நடுவோர், கோடை நீரை விலையாகக் கொடுத்தே நடுகின்றனர்.

வரையாடும் சோலைப்பறவையும்

நீர் ஒரு பக்கம், உயிர் மறுபக்கம். தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. வரை என்பது மலை. வரையில் வாழும் ஆடு வரையாடு. பழந்தமிழ் நூல்களில் வரும் 'வருடை' இதுவே எனப் புலவர் பலர் கருதுவர். உலகில் மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி வேறெங்கும் இவ்விலங்கு இல்லை. செங்குத்தான பாறை அதற்குக் கோட்டை. அப் பாறையை ஒட்டிய புல்வெளி அதற்கு உணவு. புல்வெளி மரக்காடானால் கோட்டை இருக்கும், சோறு இராது.

இவ்விலங்கை இமயத்து ஆட்டின் உறவு என்றே நெடுங்காலம் எண்ணினர். 2005-ஆம் ஆண்டில் மரபணு ஆய்வு, அது செம்மறியினத்திற்கே நெருங்கியது, தனிப்பேரினம் என்று காட்டிற்று. அப் பேரினத்திற்கு நீலமலையின் பெயரே அமைந்தது. குன்னூரைச் சேர்ந்த வழக்குரைஞர் தேவிதார், எந்தப் பதவியும் கூலியும் இன்றி, 1960-களிலும் 70-களிலும் மலை மலையாக நடந்து வரையாடுகளை எண்ணினார். அவரைப் போற்றும் வகையில் அக்தோபர் 7 இன்று வரையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகின்றது. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகளும், 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,303 வரையாடுகளும் எண்ணப்பட்டன. எண் உயர்ந்தது மகிழ்ச்சியே. ஆயினும் ஒரு மாநிலத்தின் பெருமைக்குரிய விலங்கு, ஒரு சிற்றூரின் மக்கள்தொகைக்கும் குறைவு என்பதை மறவற்க.

சோலைக்குள் ஒரு சிறு பறவை உண்டு. நீலநிற முதுகு, மங்கிய சோலையிருளில் தரையோரம் தத்தித் திரியும். தாழ்நிலத்தின் வெப்பத்தைத் தாண்டி அதனால் அடுத்த மலைக்குப் பறந்து செல்ல முடியாது. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்றது. அதன் வடக்கே நீலமலை, தெற்கே ஆனைமலையும் பழனிமலையும். ஒவ்வொரு மலையுச்சியும் அப்பறவைக்குக் கடல் சூழ்ந்த தீவு போன்றது. எனவே கணவாயின் இருபுறத்தும் வாழ்வன நெடுங்காலமாகப் பிரிந்து வேறு வேறு இனங்களாயின. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இன்னுமோர் இனம்.

2017-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இப்பறவைகளின் மரபணுவை ஆராய்ந்து, இவை வேறெந்தப் பேரினத்திலும் அடங்கா எனக் கண்டு, புதுப்பேரினம் வகுத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சோலிக்கோலா'. சோலையில் வாழ்வது என்பது பொருள். உலகத்தார் அனைவரும் இனி அப்பறவையை நம் 'சோலை' என்னும் சொல்லாலேயே அழைக்க வேண்டும்! பரங்கிமலைக் கல்லிற்கு வணிகன் பெயர் அமைந்தது. சோலைப் பறவைக்குச் சோலையின் பெயரே அமைந்தது. எழுதி வைப்பவன் எவனோ அவன் கையில் இருக்கின்றது இது.

குறிஞ்சியை மறக்கலாமா? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைப்புல்வெளியை நீலமாக்கும் குறிஞ்சி, பழனிமலையிலும் மூணாற்றுப் பக்கத்திலும் 2006-இலும் 2018-இலும் மலர்ந்தது. இனி 2030-இல் மலர வேண்டும். அதுவும் திறந்த வெளியில் வளரும் செடி. செயற்கைக்கோட் படங்களை ஆராய்ந்த ஆய்வாளர்கள், 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று 2018-இல் எழுதினர். நட்ட மரங்களும், அவை தாமே பரவியதும், வேளாண்மை விரிவும் அதனை விழுங்கின. நானிலத்தில் ஒரு நிலத்திற்கே பெயர் தந்த பூ, நிற்க நிலமின்றித் தவிக்கின்றது.

இனிச் செய்வது யாது?

"அப்படியாயின் அயல்மரங்கள் அனைத்தையும் நாளையே வெட்டி வீழ்த்துவோம்" என்று இளைஞர் சிலர் எழக்கூடும். பொறுமை வேண்டும். முன்னொரு நாள் ஆராயாமல் நட்டோம். இன்று ஆராயாமல் வெட்டினால் அதுவும் அதே பிழையின் மறுபக்கம். வாட்டில் மரத்தை வெட்டினால், மண்ணில் ஆண்டுக்கணக்கிற் கிடக்கும் அதன் விதைகள் ஆயிரமாய் முளைக்கும். சரிவுகளில் ஒருங்கே வெட்டினால் மண் சரியும். அன்றியும் சில இடங்களில், பழைய தோப்புகளின் நிழலில் சோலைமரக் கன்றுகள் தாமே முளைத்து வருதலை ஆய்வாளர் கண்டுள்ளனர். அங்கே தோப்பைப் பொறுத்துக்கொண்டு சோலையை வளரவிடுவதே அறிவு.

எனவே வரிசை இது: முதலில், இன்று எஞ்சியுள்ள புல்வெளியில் ஒரு கன்றும் நடாமை, அதன் ஓரங்களிற் பரவும் அயற்கன்றுகளை இளமையிலேயே பிடுங்குதல், அடுத்து, நீர்ப்பிடிப்பிற்கும் வரையாட்டிற்கும் தலையாய இடங்களைத் தேர்ந்து, சிறுசிறு பகுதியாக மீட்டு, நம் மலைப்புல்லையே நடுதல், செய்வதையெல்லாம் ஓடை வாயில் அளந்து கொண்டே இருத்தல். 1988-ஆம் ஆண்டின் நாட்டுக் காட்டுக் கொள்கையும், தொழிலகத் தேவையினும் சூழலின் நிலைபேறே முதன்மை எனக் கூறிற்று. கொள்கை ஏட்டில் உள்ளது. அது மலையேற வேண்டும்.

இனி, யான் அன்று அறியாமைக்குக் கரணியம் சொல்வதாகக் கூறினேன். கிளென்மார்கன் ஆய்வு 1988-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில், அறிஞர் மட்டுமே படிக்கும் இதழில். பிற்பாடு நடந்தவையும் அவ்வாறே. அந்நீரைப் பாய்ச்சிப் பிழைக்கும் உழவன் அதனைப் படிக்கவில்லை. அம்மலையில் எருமை மேய்க்கும் தொதவர் படிக்கவில்லை. கன்று நட மாணவரை அழைத்துச் சென்ற ஆசிரியன் யானும் படிக்கவில்லை. யாருடைய நீரோ, அவர் மொழியில் அந்நீரின் கணக்கு இல்லை! உலகத்தார் அறிய ஆங்கிலத்தில் எழுதுக; அதில் தவறில்லை. ஆனால் உரியவர் அறியத் தமிழிலும் எழுதுக. பாறை, ஊற்று, ஓடை, சுனை, சதுப்பு, மடை, மடு, கயம் என்று நீருக்கும் நிலத்திற்கும் எத்துணைச் சொற்கள் நம்மிடம் உள்ளன! சொல் இருக்கின்றது, எழுதும் கை இல்லை.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகின்றேன். பெருங் கருவி வேண்டா. உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் காலை ஒரே நேரத்தில் அளந்து எழுதுக. ஊர்க் கிணறு ஒன்றைத் தேர்ந்து, கயிற்றில் முடிச்சிட்டுத் திங்கள்தோறும் நீர்மட்டம் அளந்து எழுதுக. வாய்க்காலில் நீர் வந்த நாளையும் நின்ற நாளையும் எழுதுக. ஐந்தாண்டு எழுதினால் அது குறிப்பு. இருபதாண்டு எழுதினால் அது சான்று. கிளென்மார்கனில் முதல் நான்கு ஆண்டுகள் எதனையும் மாற்றாமல் அளந்தார்களே, அந்தப் பொறுமைதான் அறிவியலின் உயிர். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஓடையைப் பற்றிச் சொல்வதையும் எழுதிக்கொள்க. அவர்கள் சொல்லை அப்படியே நம்பவும் வேண்டா, தள்ளவும் வேண்டா, அளந்து பார்க்க.

சில ஆண்டுகளுக்கு முன்னர், யாம் கன்று நட்ட அவ்விடத்திற்கு மீண்டும் சென்றேன். அன்று என்னுடன் வந்த நாற்பதின்மருள் ஒருவர், இன்று தாமே பேரன் கண்டவர், உடன் வந்தார். மரங்கள் வானளாவி நின்றன. அடியிற் புல் இல்லை. உலர்ந்த சருகு மட்டுமே. பள்ளத்திலிருந்த ஓடையைத் தேடினோம். சித்திரைத் திங்கள், கற்கள் மட்டுமே கிடந்தன. தொதவர் கிழவர் இல்லை. அவர் பெயரைக்கூட யான் அன்று கேட்டறியவில்லை.

மரங்களுக்கு அப்பால், நாங்கள் அன்று கன்று போதாமல் விட்டுச் சென்ற ஒரு சரிவு இருந்தது. அங்கே புல் இருந்தது. அதன் அடியில் ஈரமும், ஈரத்தில் விரலளவு நீர்க்கசிவும் இருந்தன. நண்பர் குனிந்து கையில் ஏந்திக் குடித்தார். "ஐயா, நல்லவேளை, அன்றைக்குக் கன்று பற்றாமற் போயிற்று" என்றார். யான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த விரலளவு நீர்தான் மோயாற்றில் இறங்கி, அணையிற் சேர்ந்து, இக் கடைமடையை அடைய வேண்டும். இன்னும் எஞ்சியுள்ள அத்தகைய சரிவுகளைக் காப்பது நம் கடன். யான் நட்டது நானூறு கன்று. அதற்கு ஈடாக நானூறு பேரிடமேனும் இவ்வுண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் முடிவு. இன்று இங்கே நூற்றுக்கு மேற்பட்டோர் கேட்டீர்கள். எஞ்சியவர்க்கு நீங்கள் சொல்லுங்கள்.